தூளியியல்: முன்னுரைக்கு ஒரு முன்னுரை

0. ஆய்வின் தேவை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் மலிவு விலையில் முகாம் தூளி கட்டுவது பற்றி ஒரு முனைவர் பட்ட ஆய்வேடுகூட என் கண்ணில் பட்டதில்லை. தமிழ்ச் சமூகம் இதை எப்படித் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரியவில்லை. எங்கள் தெருப் பையன்கள் இருபது பேர் ஏலகிரிக்கு முகாம் போகிறார்கள். "அண்ணே, படுக்க சீப்பா ஏதாச்சும் ஐடியா குடுங்க" என்றார்கள். ஐடியா கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆய்வு என்றால் மூன்றாண்டு ஓடும். ஆகவே ஆய்வு.

1. பெயர்க் காரணம்

தூளி, ஏணை, தொட்டில் என்று ஊருக்கு ஒரு பெயர். பெரியவர்கள் படுத்தால் மட்டும் அது 'ஹேமக்' ஆகிவிடுகிறது. இது கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் சொன்ன 'ஹமாக்கா'விலிருந்து வந்தது. 1492-ல் அங்கே போய் இறங்கிய கொலம்பஸ் கூட்டம் தூளியையும் சொல்லையும் சேர்த்தே ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது என்பர் மேலைநாட்டார். அவர் அறியாதார். "இதுல தூங்கலாமா?" என்று கொலம்பஸ் கேட்க, "ஆமாக்கா" என்று பதில் வந்திருக்கிறது. ஆமாக்கா, ஹமாக்கா, ஹேமக். கொலம்பஸை எதற்கு அக்கா என்றார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது. (காண்க: டீக்கடை பெஞ்சு, இடது ஓரம், வாய்மொழி.)

இதற்குச் சிரிப்பவர்கள் எங்கள் பக்கம் வந்து பார்க்கவேண்டும். ஆவடி என்பது ஆங்கில ராணுவச் சொற்களின் முதலெழுத்துகள் என்று அடித்துச் சொல்பவரும், அம்பத்தூர் ஐம்பத்தொன்றாம் ஊர் என்று கற்பூரம் ஏற்றுபவரும் ஒரே பேருந்தில்தான் போகிறார்கள். கட்டணம் கட்டினால் இரண்டையும் பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசிக்கலாம். சான்றிதழும் சாப்பாடும் உண்டு.

2. துணி வகை

அ) கொசுவலை: கிழியும்.

ஆ) ஃபிளெக்ஸ் பேனர்: கெட்டி, ஓசி. ஆனால் வழுக்கும், முதுகு வேகும். எந்தத் தலைவரின் முகத்தில் எந்தப் பக்கத்தை வைத்துப் படுப்பது என்ற கோட்பாட்டுச் சிக்கலும் உண்டு.

இ) எட்டு முழ வேட்டி: நீளம் ஏறத்தாழ 3.6 மீட்டர். வளர்ந்த ஆளுக்குத் தூளி கட்ட வேண்டிய அளவு கிட்டத்தட்ட இதேதான். நெய்தவர் மனத்தில் வேறெதுவும் இருந்திருக்க வாய்ப்பில்லை.

ஈ) புடவை: இங்கேதான் ஆய்வு சூடு பிடிக்கிறது. ஐந்தரை மீட்டரை இரண்டாக மடித்தால் இரண்டே முக்கால் மீட்டர், இரட்டைத் துணி. எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தாராளம். பொங்கலுக்கு இலவச வேட்டி சேலை தரும் திட்டத்தை 1983-ல் அரசு தொடங்கியதிலிருந்து மூலப்பொருளுக்கும் குறைவில்லை. குறை, கேட்பதில்.

"அம்மா, பழைய புடவை ஒண்ணு இருக்கா?" என்ற கேள்வியில் 'பழைய' என்பது பெயரெச்சம் அன்று, வம்பு. பீரோவைத் திறந்து ஆராய்ந்ததில் என் வீட்டில் பழைய புடவையே கிடையாது என்று தெரிந்தது. நிறம் போனது ஒன்று: "அது உங்க அத்தை வளைகாப்புக்குக் கட்டினது." முந்தானை கிழிந்தது ஒன்று: "அதை உள்ள மடிச்சுக் கட்டினா யாருக்குத் தெரியும்?" கரையே இல்லாதது ஒன்று: "அதுல தலாணி உறை தைக்கப்போறேன்." எப்போது என்று கேட்டது ஆய்வு நெறிக்குப் புறம்பானது, ஒப்புக்கொள்கிறேன். (அம்மா, 'அடுக்களைச் சொற்பொழிவுகள்', இரண்டாம் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும் இடைப்பட்ட பகுதி.) ரேஷன் கடையில் வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த பொங்கல் சேலையைச் சுட்டிக்காட்டினேன். "வீட்டு வேலைக்கு வர்றவளுக்குக் குடுக்கணும்" என்றார். அந்த அக்காவிடமும் விசாரித்தேன். அவர் வீட்டிலும் ஒன்று பிரிக்காமல் இருக்கிறதாம், வேறு யாருக்கோ கொடுப்பதற்காக. ஆக, இந்தச் சேலை கட்டப்படுவதில்லை, சுற்றுகிறது. (மேற்படி அம்மா, மறுபதிப்பு, அன்றிரவு அப்பாவிடம், திருத்தியும் விரித்தும், பிற்சேர்க்கையாக என் பள்ளி மதிப்பெண்களும் 2009-ல் தொலைத்த குடையும், அப்பாவின் அணிந்துரை: "ம்".)

முடிவில் கிடைத்தவை ஆறு புடவைகள். பையன்கள் இருபது. 1955 ஜனவரியில் சோஷலிசப் பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று காங்கிரஸ் மாநாடு தீர்மானம் போட்டது இதே ஆவடியில்தான் என்று நினைவூட்டினேன். முறை வைத்துப் படுக்க ஒப்புக்கொண்டு, முதல் முறை யாருக்கு என்று அடித்துக்கொண்டார்கள்.

3. கோணம்

இழுத்துக் கட்டினால்தான் உறுதி என்பது பொதுமக்கள் கருத்து. தவறு. கயிறு கிடைமட்டத்திலிருந்து முப்பது பாகை சரிந்திருந்தால், ஐம்பது கிலோ பையனுக்கு ஒவ்வொரு பக்கமும் ஐம்பது கிலோ இழுவிசைதான். துணி காயப்போடும் கொடிபோல் விறைப்பாகப் பத்து பாகையில் கட்டினால் ஒவ்வொரு பக்கமும் 144 கிலோ. ஐந்து பாகை என்றால் 287. பையன் மாறவில்லை, கயிறுதான் கதறுகிறது. 1965 முதல் ஆவடியில் செய்த விஜயந்தா டாங்கி கிட்டத்தட்ட 39 டன். அதைத் தூளியில் போட்டாலும் கணக்கு இதேதான். (போட்டுப் பார்க்க அனுமதி கேட்கவில்லை.)

படுப்பது மூலைக்கு மூலை. நேராகப் படுத்தால் வாழைப்பழம். நைலான் கயிறு இரவெல்லாம் நீளும். பத்து மணிக்கு வானத்தைப் பார்த்தவன் விடிகாலையில் முதுகால் எறும்பைப் பார்ப்பான்.

4. மரம்

முருங்கை: கூடாது. வேம்பு, புங்கம்: நன்று, பட்டை அறுபடாமல் கோணிச் சாக்கு சுற்றினால். தூங்குமூஞ்சி மரம்: பெயரே போதும் என்பாரும் உளர். மரத்துக்கு மரம் பன்னிரண்டு, பதினைந்து அடி இடைவெளி வேண்டும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்த பிறகு எங்கள் தெருவில் இந்த இடைவெளி ஐந்நூறு அடி.

5. முடிச்சு

துணியின் முனையைக் கொசுவம் வைத்துச் சேர்த்து, அதையே ஒரு முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சுக்குப் பின்னால் கயிற்றை உருவாஞ்சுருக்காக மாட்டவேண்டும். எடை ஏற ஏற இறுகும். இந்த இரண்டு வரியை எழுதும் முன் நான் எட்டு முறை விழுந்தேன். (தரவு: இடது முழங்கை.)

களப்பணிக்காகப் பூந்தமல்லி பக்கம் அடுக்குமாடி கட்டுகிற ஓர் இடத்துக்குப் போனேன். சித்தாள் அம்மா ஒருவர் சிமெண்ட் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, வேப்பங்கிளையில் புடவையைப் போட்டு, இரண்டு முனையையும் சேர்த்து ஒரு சுற்று, ஒரு இழுப்பு. முழங்கையை உள்ளே ஊன்றி ஒருமுறை அழுத்திப் பார்த்தார். குழந்தையைப் போட்டார். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் நோட்டைத் திறந்து, "இந்த முடிச்சுக்குப் பேர் என்னங்க?" என்றேன்.

"முடிச்சுதான்."

எழுதிக்கொண்டேன். வட்டார வழக்கு உண்டா, மாமியாரிடம் கற்றதா, தாயிடம் கற்றதா என்று அடுத்தடுத்துக் கேட்டதில் குழந்தை விழித்து வீறிட்டது. மேஸ்திரி மேலிருந்து கூப்பிட்டார். அந்தம்மா சட்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சும்மாதானே நிக்கிறீங்க சார், நோட்டை வச்சுட்டு கொஞ்சம் ஆட்டி உடுங்க."