தொய்வில்லாப் பதில்கள்

பாவு நூலை உருளையில் ஏற்றும்போது எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும்?
(தறிக்குப் புதியவர், கோவை)

எவ்வளவு வேண்டுமானாலும் பிடியுங்கள், எல்லா இழைக்கும் அவ்வளவே பிடியுங்கள். சற்று இளகிய பாவிலும் நெய்துவிடலாம். பத்து இழை விறைப்பாகவும் பதினோராவது சோம்பலாகவும் இருந்தால்தான் வம்பு. மிதித்ததும் பத்தும் எழும், சோம்பேறி மட்டும் வழியில் தொங்கும். ஒன்று, நாடா அதைத் தாண்டிப் போகும், இல்லை அறுத்துக்கொண்டு போகும்.

மனைவி பிடிக்க, நான் சுற்றினேன். இப்போது ஓரம் வீணைத் தந்தி, நடு கொடிக்கயிறு. தவறு யாருடையது?
(ஈரோடு வாசகர்)

காகிதத்தினுடையது. வீட்டிலும் இதையே சொல்லிவிடுங்கள்.

அடுக்குக்கு அடுக்கு கெட்டித் தாள் கொடுக்காமல் சுற்றினால், ஓரத்து இழைகள் சரிந்து கீழடுக்கில் இறங்கிவிடும். நடுவைவிட ஓரம் 1 மி.மீ. தாழ்ந்தாலே ஒரு சுற்றுக்கு 6 மி.மீ.க்கு மேல் நீளம் குறையும். 30 சுற்றில் ஏறக்குறைய 19 செ.மீ.! நெய்யும்போது ஓரம் அந்த அளவு குறைவாகத்தான் அவிழ்ந்து வரும், நடு தாராளமாக வரும். பாவின் அகலத்தைவிட இரு பக்கமும் நாலு விரல் கூடுதலாகத் தாள் இருக்கட்டும். தாள் இல்லையென்றால் மூங்கில் பிளாச்சு.

பழைய செய்தித்தாள் போதாதா?
(சேலம்)

நானும் அப்படித்தான் நினைத்தேன். என் முதல் பாவு, வெள்ளைப் பருத்தி. மெல்லிய தாள் பாதியில் சுருண்டு மடிந்தது, மடிந்த இடமெல்லாம் மேடு. போதாக்குறைக்கு அச்சு மையும் நூலில் ஏறி, துண்டு பூராவும் சாம்பல் தேமல். துடைக்கத் துடைக்க முகத்துக்கும் வந்தது.

சிக்கு விழுந்தால் விரலால் கோதிவிடலாமா?
(மதுரை)

தலைமுடிக்குச் செய்யுங்கள். பாவைக் கோதினால் சில இழை மட்டும் இழுபட்டு, மற்றவற்றின் தளர்வெல்லாம் ஓரிடத்தில் போய்ச் சேரும். மொத்தமாகக் கையில் பிடித்து ஓர் உதறு உதறிப் பின்னுக்கு இழுங்கள், பாதிச் சிக்கு தானே விலகும்.

உருளையே இல்லாத தறியும் உண்டாமே?
(விழுப்புரம்)

பழைய குழித்தறிகளில் உண்டு. பாவின் கடைசியைச் சேர்த்துக் கட்டி, அந்தக் கயிற்றைத் தூரத்து முளையில் வளைத்து, நெய்பவர் பக்கத்திலேயே கொண்டுவந்து கட்டிவிடுவார்கள். துணி வளர வளர உட்கார்ந்தபடியே கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தலாம். குழியில் ஏறி இறங்கும் முழங்காலுக்குத்தான் அந்தக் கயிற்றின் அருமை தெரியும்.

தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவது ஏன் விடியற்காலையிலேயே?
(சென்னை)

வெயில் ஏறினால் பாவாற்றித் தூரிகையால் நீவுவதற்குள் கஞ்சி காய்ந்து, பக்கத்து இழைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் பிரிக்கும்போது அறும். இரு சக்கர வாகனங்கள் கிளம்பாத நேரம் என்பது இன்னொரு காரணம்.

திருவள்ளுவர் நெசவாளர் என்பது உண்மையா?
(திருச்சி)

செவிவழிக் கதை. ஆனால் 1,330 குறளிலும் ஏழு சீர், ஒன்றுகூடத் தொய்யவில்லை. கதை கட்டியவர் தறி பார்த்தவர்தான்.

சரியாக ஏறிவிட்டதா என்று எப்படித் தெரியும்?
(தஞ்சாவூர்)

விறைப்பாக நிறுத்தி, கண்ணை மூடி, உள்ளங்கையை ஓரத்திலிருந்து ஓரம் மெல்ல ஓட்டுங்கள். தளர்ந்த இடத்தில் கை மெத்தையில் போல இறங்கும். ஓரிரு இழை என்றால் தறியின் பின்பக்கம் அவற்றுக்கு அடியில் மடித்த காகிதம் செருகிச் சமாளிக்கலாம். ஒரு சாண் அகலத்துக்கு இறங்கினால் சமாளிப்பு வேண்டாம். அவிழ்த்து மறுபடி சுற்றுங்கள், அரை நாள் போகும்.

இனிக் கேள்வி அனுப்புவோர் உருளையின் விட்டம், பாவின் நீளம், நூல் பருத்தியா பட்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "பாவு சரியில்லை" என்று மட்டும் எழுதினால் நான் ஜோசியம்தான் சொல்ல முடியும்.