டவர் இருக்கு, நெட்டு இல்ல

எங்கள் வீடு பசுமலையில். மலை என்றதும் கொடைக்கானலை நினைத்துக்கொண்டு ஸ்வெட்டரோடு வந்துவிடாதீர்கள். பழங்காநத்தம் தாண்டி திருப்பரங்குன்றம் போகிற வழியில் ஒரு குன்று. உச்சியில் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா ஒன்று ஹோட்டலாக இருக்கிறது. அடிவாரத்தில் நாங்கள் இருக்கிறோம். எங்கள் சந்துக்கு ஃபைபர் கேபிள் ‘அடுத்த மாசம்’ வந்துவிடும் என்று சொல்லி மூன்று தீபாவளி போய்விட்டதால், டவுன்ஹால் ரோட்டில் சிம் போடுகிற ரவுட்டர் ஒன்றை வாங்கி வந்தேன்.

ஒரு வருஷம் ஒழுங்காக ஓடியது. அதோடு விட்டிருக்கலாம். நம்பர் மாறாமல் கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இருக்கிறது. நாம் மட்டும் ஏன் அனுபவிக்காமல் சாக வேண்டும் என்று போன மாதம் மாறினேன். புது சிம்மைச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. டவர் நாலு கோடும் ஃபுல். நெட்டு மட்டும் இல்லை.

இது பெரியார் பஸ் ஸ்டாண்டில் நிற்பது மாதிரி. ஸ்டாண்டு இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, சுண்டல் விற்பவர்கூட இருக்கிறார். நம்ம பஸ்தான் வரவில்லை.

பக்கத்து வீட்டில் இன்ஜினீயரிங் படிக்கிற பையன் வந்து பார்த்தான். “மாமா, 2300 மெகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டத் திணறும். 850ன்னா உள்ள வந்துரும். எதுக்கும் ஜன்னல்ல வைங்க” என்றான். வைத்தேன். குன்று மறைக்கிறது என்றாள் மனைவி; மொட்டைமாடிக்குப் போனது. “முருகனைப் பார்க்க வைடா” என்றார் அம்மா, அதையும் செய்தேன். நான் போகிற இடமெல்லாம் ஜங்ஷன் பாக்ஸும் வயரும் வாலாட்டிக்கொண்டு பின்னாடியே வந்தன. மூன்று நாளில் ரவுட்டர் பார்க்காத இடம் வீட்டில் கழிப்பறை மட்டும்தான்.

கஸ்டமர் கேருக்குப் போட்டேன். அரை மணி நேரம் பாட்டு. பிறகு ஒரு தம்பி, “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்” என்றார். எந்த வியாதிக்கும் விபூதி போடுகிற பூசாரி மாதிரி அவர்களுக்கு இது ஒன்றுதான் வைத்தியம். பண்ணியாகிவிட்டது என்றேன். “அப்ப ஆப்ல போய் கம்ப்ளெய்ன்ட் போடுங்க. அந்த நம்பருக்கு ஓடிபி வரும்.”

அந்த நம்பர் ரவுட்டருக்குள் இருக்கிறது. ஓடிபி வேண்டுமென்றால் சிம்மைக் கழற்றிப் போனில் போட வேண்டும். சரி, கழற்றுவோம் என்று ரவுட்டரைத் திருப்பினேன்.

பின்பக்கம் ஊசி நுழைகிற அளவில் ஓர் ஓட்டை. போனில் அதைக் குத்தினால்தானே சிம் வெளியே வரும்? மனைவியின் தாலிச் செயினில் எப்போதும் ஓர் ஊக்கு தொங்கும். அதை வாங்கிக் குத்தினேன். உள்ளே ‘டிக்’ என்று ஏதோ அமுங்கியது. சிம் வரவில்லை. நான் விடுவேனா? பல்லைக் கடித்துக்கொண்டு பத்து எண்ணும்வரை அழுத்தினேன். எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் அணைந்தது.

“ஏங்க, கொன்னுட்டீங்களா?” என்றாள் மனைவி.

கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். ஓட்டைக்குக் கீழே கடுகு சைஸில் ‘ரீசெட்’ என்று எழுதியிருந்தது. சிம் போடுகிற இடம் பக்கவாட்டில் ஒரு மூடிக்குள் சாவகாசமாக இருந்தது.

இரண்டு நிமிஷம் கழித்து விளக்கு ஒவ்வொன்றாக எரிந்தது. நெட்டு வந்துவிட்டது!

என்ன நடந்தது என்று பையன்தான் விளக்கினான். டவர் கிடைத்தால் மட்டும் நெட்டு வராது. எந்த வாசல் வழியாக உள்ளே போக வேண்டும் என்று ரவுட்டருக்குத் தெரிய வேண்டும். அந்த வாசலின் பெயர்தான் ஏபிஎன். சிம்மைப் பார்த்து அதைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் சாமர்த்தியம் ரவுட்டருக்கு உண்டு. ஆனால் நான் வாங்கிய அன்று கடைக்காரர் பழைய கம்பெனியின் ஏபிஎன்னைக் கையால் அடித்துக் கொடுத்துவிட்டார். மனுஷன் அடித்ததை மாற்ற அதற்கு அதிகாரம் இல்லை. புதுக் கம்பெனியின் வாசலில் நின்றுகொண்டு பழைய கம்பெனியின் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டே இருந்திருக்கிறது, பாவம். என் ஊக்கு அதன் பழைய ஞாபகத்தை அழித்த பிறகுதான் சிம்மைப் படித்திருக்கிறது.

அப்படி அது சிம்மில் படிக்கிற எண்ணின் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404, 405. வெப்சைட்டில் 404 என்று வந்தால், தேடியது இல்லை என்று அர்த்தம். நம்ம நெட்டின் ஜாதகத்தை இதைவிடச் சுருக்கமாக யார் கணிக்க முடியும்?

முருகன் செய்தார் என்று அம்மா கோவிலுக்குப் போய் வந்தார். எனக்கு ஏபிஎன்னை விளக்கிய அதே பையன், ஜன்னல்தான் காரணம் என்று தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறான். ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று நான் கொடுக்காத புகாருக்குக் குறுஞ்செய்தி வந்தது. வேலையை முடித்த ஊக்கு பழையபடி செயினில் தொங்குகிறது.

உங்களுக்கும் டவர் இருந்து நெட்டு இல்லையென்றால், மொட்டைமாடிப் படியில் கால் வைக்குமுன் ஏபிஎன்னைப் பாருங்கள். ரீசெட்தான் என்று முடிவு செய்தால், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் வைஃபை பாஸ்வேர்டை முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஸ்டிக்கர் அழிந்துபோனதை நான் பிறகுதான் பார்த்தேன்.