நீடில் பண்டிதர்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தைக் கண்டால் மனம் வாடுபவரும், நின்றுபோன எந்திரத்தைக் கண்டால் முகம் மலர்பவருமான ஒருவகை மனிதரை நீடில் பண்டிதர் என்று அழைக்கலாம். இவ்வினம் பல நாடுகளில் காணப்படினும், சிங்கப்பூர்ச் சைனாடவுனில் வாழும் உட்பிரிவு தனித்து ஆராயத்தக்கது. 1827இல் நிறுவப்பட்ட மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, அதன் கோபுரத்தால் பெயர்பெற்ற பகோடா தெருவில் நடந்து, ஸ்மித் தெரு உணவங்காடி நிலையத்தில் கோப்பி-ஓவுடன் அமரும் இவரது சட்டைப்பையில், பேனா இருக்கவேண்டிய இடத்தில் மெல்லிய ஸ்குரூடிரைவர் ஒன்று இருக்கும். தீவின் எம்மூலையில் எவர் புதிய நைட்ரோ லாரி வாங்கினாலும், பெட்டி பிரிக்கப்படுவதற்கு முன்பே அச்செய்தி இவரை எட்டிவிடுகிறது.

நைட்ரோ லாரி என்பது தொலைவிலிருந்து ரிமோட்டால் ஓட்டப்படும் சிறுவண்டி. எனினும் அதன் வயிற்றில் இருப்பது உண்மையான டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். பெரும்பாலும் 2.5 முதல் 4.6 கன சென்டிமீட்டர் வரை கொள்ளளவுள்ள இவ்வெஞ்சின், மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் மசகெண்ணெயும் கலந்த எரிபொருளைக் குடிக்கிறது. நைட்ரோமீத்தேன் தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் ஒரு பகுதியைத் தன் மூலக்கூறிலேயே சுமந்து வருவதால், ஒரு கிலோ மெத்தனால் எரிய ஏறத்தாழ ஆறரைக் கிலோ காற்று தேவைப்படும்போது, இதற்கு இரண்டு கிலோவுக்கும் குறைவான காற்றே போதும். தீப்பொறி பிளக் இதில் இல்லை. குளோ பிளக் என்னும் சிறு திருகின் பிளாட்டினச் சுருளைத் தொடக்கத்தில் ஒன்றரை வோல்ட் மின்சாரம் கனலச் செய்ய, பின்னர் மெத்தனாலுடன் நிகழும் வினையாலும் எரிதலின் வெப்பத்தாலும் அது தானே கனன்றுகொண்டிருக்கும்.

இவையனைத்தும் பண்டிதர் அறிந்தவையே. ஆனால் அவரது பக்திக்குரியவை கார்புரேட்டரில் உள்ள, நீடில் எனப்படும் இரண்டு ஊசித் திருகுகளாகும். உயர்வேக நீடில் முழுவேகத்துக்கும், தாழ்வேக நீடில் மெதுவோட்டத்துக்கும் உரிய எரிபொருளை அளக்கின்றன. வலப்புறம் திருகினால் எரிபொருள் குறைந்து கலவை ‘லீன்’ ஆகி எஞ்சின் சூடேறும். இடப்புறம் திருகினால் எரிபொருள் மிகுந்து ‘ரிச்’ ஆகிப் புகை கக்கித் தயங்கும். வண்டிக்காரர் கோளாறைச் சொல்லி முடிப்பதற்குள், “தம்பி, லீனா இருக்குது” என்று தீர்ப்பளித்துவிடுவது பண்டிதரின் இயல்பு. புகைமண்டலத்தில் தம்பியின் முகமே தெரியாதபோதும் அத்தீர்ப்பு மாறுவதில்லை.

புதிய எஞ்சினுக்குப் பழக்கு ஓட்டம் தேவை என்பதில் அவர் சொல்வது சரியே. அலுமினியப் பிஸ்டன் இயங்கும் குரோம் பூசிய பித்தளை உறை மேல்நோக்கிச் சற்றே குறுகியிருப்பதால், குளிர்ந்த நிலையில் பிஸ்டன் அங்கே இறுகும். ஆகவே எஞ்சினை முன்கூட்டிச் சூடாக்கி, ரிச்சான கலவையில் சில டாங்க் ஓட்டி, அணைத்தபின் பிஸ்டனைக் கீழ்நிலையில் நிறுத்தி ஆறவிடுதல் முறை. ஆயின் இவரது மேற்பார்வையில் பழக்கு ஓட்டத்துக்கு முடிவுநாள் கிடையாது. சில எஞ்சின்கள் பயிற்சிப் பருவத்திலேயே ஓய்வு பெற்றிருக்கின்றன.

வானிலையும் இவரது ஆட்சிக்கு உட்பட்டது. சிங்கப்பூரின் வெப்பமும் ஈரப்பதமும் காற்றிலுள்ள ஆக்சிஜனை நீர்த்துப்போகச் செய்வதால், குளிர்நாட்டு அளவில் திருகிய நீடிலைச் சிறிது மூடவேண்டும் என்பது மெய். அந்த மெய்யைப் பற்றிக்கொண்டு, மேகம் ஒன்று கதிரவனைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் கால்சுற்றுத் திருகுவது பண்டிதர் தாமே கண்ட விரிவாக்கம். எஞ்சின் தலையின் சூடு 105 முதல் 130 பாகைச் செல்சியசுக்குள் இருக்கவேண்டும் என்று வெப்பமானியைக் காட்டினால் அவர் நம்பமாட்டார். ஒரு சொட்டு நீரை விட்டு, அது கொதிக்கும் ஓசையைக் கண்மூடிக் கேட்பார்.

தீப்பற்றும் பொருளைக் கொண்டுசென்றால் 5,000 வெள்ளி அபராதம் என்று எம்ஆர்டி அறிவிப்புப் பலகை எச்சரிப்பதால், எரிபொருள் தம்பியின் காரில்தான் வண்டி ஓட்டும் திடலுக்குச் செல்லவேண்டும். எரிபொருள் செல்லும் காரில் பண்டிதரும் செல்கிறார். (அதே பலகையில் டுரியானுக்குத் தடை மட்டுமே உண்டு, அபராதத் தொகை இல்லை, சட்டத்துக்கும் பலவீனங்கள் உண்டு போலும்.)

திடலில் வேலைப்பிரிவினை தெளிவானது: திருகுபவர் பண்டிதர், எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுப்பவர் தம்பி. தோள்வலி காரணமாகப் பண்டிதர் கயிற்றைத் தொடுவதில்லை. நீடில்கள் மாறிமாறித் திருகப்பட, எரிபொருள் சிலிண்டரை நிரப்பி எஞ்சின் பூட்டிக்கொள்கிறது. திரவத்தை அமுக்க இயலாதாகையால் அந்நிலையில் வலிந்து இழுப்பது இணைப்புத் தண்டை வளைக்கக்கூடும். குளோ பிளக்கைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்து, தேங்கியதை வெளியேற்றுவதே மருந்து. பண்டிதர் மருந்தைச் சொல்வதற்கும் கயிறு அறுந்து தம்பியின் கையோடு வருவதற்கும் இடையில் அதிக நேரம் இருப்பதில்லை.

அவர் கோப்பி வாங்கச் செல்லும் இடைவெளியில், தம்பி கையேட்டைப் பார்த்து இரு நீடில்களையும் தொழிற்சாலை அளவுக்கே திருப்பி, புதிய குளோ பிளக்கும் புதிய கயிறும் பொருத்தி இழுக்க, எஞ்சின் முதல் இழுப்பிலேயே பாடத் தொடங்குகிறது. எரிபொருள் குழாயை விரலால் நசுக்கிப் பார்த்தாலும், நூல்களில் கூறியவாறே சற்று வேகம் கூடி, இரண்டு மூன்று நொடியில் அடங்குகிறது. திரும்பிவந்த பண்டிதர் சிறிதும் கலங்காமல், “பார்த்தியா தம்பி, காலையில நான் திருகுனது இப்பத்தான் வேலை செய்யுது” என்கிறார். பிறகு மேகத்தை நோக்கியபடி ஸ்குரூடிரைவரை எடுக்கிறார்.

மின்மோட்டார் லாரிகள் பெருகிவருவது இவ்வினத்துக்கு நேர்ந்துள்ள பெருஞ்சோதனை. பேரப்பிள்ளைக்காக அத்தகைய வண்டி வாங்கச் செல்லும் பண்டிதர், இதற்கு நீடில் கிடையாது என்று கடைக்காரர் மும்முறை கூறிய பிறகும், மேலுறையைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டுத்தான் விலை கேட்கிறார்.