படிப்புவிலக்கு

சட்டமன்றப் பழம்பதிவுகளைக் காத்துவரும் அதிகாரி அவர்களின் மேலான சமூகத்திற்கு, நாமக்கல் மாவட்டம் திருச்செங்கோடு வட்டத்து வாசகன் ஒருவன் பணிவுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

தாங்களும், தங்கள் பொறுப்பிலுள்ள இரும்பு அலமாரிகளும், அவற்றின் பூட்டுகளும், அப்பூட்டுகளுக்குரிய சாவிக்கொத்தை வைத்திருப்பவரும், அவர் விடுப்பில் இருக்கும்போது அவருக்குப் பதிலாக விடுப்பில் செல்பவரும் யாதொரு குறையுமின்றி நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதிவுகளின் க்ஷேமத்தை விசாரிக்க எனக்குத் துணிவில்லை. அவற்றைக் கண்டவர்கள் சொன்னால்தான் உண்டு. கண்டவர் ஒருவரையும் நான் இன்னும் கண்டதில்லை.

ஜனங்களின் வரிப்பணத்தில், ஜனங்களின் பிரதிநிதிகள், ஜனங்களின் பெயரால் பேசிய பேச்சு ஜனங்களின் கைக்கு எட்டவில்லையே என்று தங்களைக் குறை கூறுவோர் உண்டு. அவர்களோடு நான் சேரமாட்டேன். ஒரு நூலுக்கு நேரக்கூடிய அபாயங்களில் தலையாயது வாசகன்தான் என்பதைத் தாங்கள் நன்கு உணர்ந்திருக்கிறீர்கள். அவன் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறான், மூலையை மடிக்கிறான், பென்சிலால் கோடு போடுகிறான், சில சமயம், படித்ததை வெளியே போய் நாலு பேரிடம் சொல்லவும் செய்கிறான். இராமபாணப் பூச்சியோ அப்படியன்று. முதல் பக்கத்தில் நுழைந்து, ராகவனின் அம்பு மராமரம் ஏழையும் துளைத்ததுபோல் கடைசிப் பக்கம் வரை நேராகச் சென்று, ஆளுங்கட்சி எதிர்க்கட்சி என்ற பேதம் பாராமல் எல்லாரையும் சமமாக அரித்து, தான் தின்றதைப் பற்றி எவரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வெளியேறுகிறது. இத்தனை அடக்கமுள்ள பிராணிக்குத் தாங்கள் நிரந்தர அனுமதிச் சீட்டு வழங்கியிருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்கு மிஞ்சியதில் எங்களுக்கும் ஒரு பங்கு கிடைக்குமா என்பதே என் விண்ணப்பத்தின் சாரம்.

எங்கள் சீமைக்காரர்களுக்கு இப்பதிவுகளின்மேல் ஏன் இவ்வளவு ஆசை என்று தாங்கள் கேட்கலாம். எங்களைப் பற்றி அந்தச் சபையில் நிரம்பப் பேசியிருக்கிறார்கள். பேசியவர்களிலும் எங்களவர் பலர். சேலம் விஜயராகவாச்சாரியார், 1920இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகிப்பதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே சென்னைச் சட்டசபையில் அங்கம் வகித்தவர். எங்கள் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன், 1926 டிசம்பர் முதல் 1930 அக்டோபர் வரை ராஜதானியின் முதல் மந்திரியாக இருந்தார்; டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி துணைத்தலைவராக அமர்ந்து தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியது அதே சபையில்தான். ராஜாஜியைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. சேலத்தில் வக்கீலாகவும் நகரசபைத் தலைவராகவும் இருந்தவர், 1925இல் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து, கல்கியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ‘விமோசனம்’ என்று கள்ளுக்கு எதிராக ஒரு பத்திரிகையே நடத்தினார்.

அந்தக் கள்ளு விவகாரம்தான் என்னைத் தங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது. 1937 ஜூலையில் அவர் பிரதம மந்திரியானார். அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதி மதுவிலக்கு அமலுக்கு வந்தது. அந்தப் பரீட்சைக்கு முதன்முதலில் உட்கார வைக்கப்பட்டது எங்கள் சேலம் ஜில்லா. நாமக்கல்லும் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள் அடக்கம். பிறகு சித்தூர், கடப்பை, வட ஆற்காடு என்று அது விரிந்தது. கள்ளுக்கடை வருமானம் போனதால் கஜானாவில் விழுந்த பள்ளத்தைத் தூர்க்க 1939இல் விற்பனை வரி வந்தது. இன்று ஒரு சோப்புக்கட்டி வாங்கினாலும் நாம் கட்டுகிற வரிக்கு அதுதான் பாட்டன். இப்படி எங்கள் பாட்டன்மார் கலயத்தைக் கவிழ்ப்பதா வேண்டாமா என்று ஒரு பெரிய சபை கூடி யோசித்திருக்கிறது. யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார், மரமேறுகிறவன் நாளை முதல் எதை நம்பிப் பிழைப்பான் என்று ஒருவராவது கேட்டாரா, கேட்டிருந்தால் மந்திரி என்ன சமாதானம் சொன்னார் என்பதை, யாரோ சுருக்கி எழுதிய சரித்திரத்தில் அல்லாமல், அவரவர் வாய்மொழியாகவே படித்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் செத்துப்போகவில்லை. அதிலே செய்த திருத்தத்தின் பலத்தில்தான் 2003 முதல் டாஸ்மாக் நிறுவனம் சில்லறையில் மது விற்கிறது. ஆகவே அன்றைய சபை விலக்கிய பண்டம், எங்கள் ஊரில் பகல் பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்தவுடன், எதற்கென்று ஒருவரும் கேளாமல் கிடைக்கிறது. அதை விலக்கிய பேச்சுத்தான் கிடைக்கவில்லை. ராஜாஜி கொண்டுவந்தது மதுவிலக்கு. தாங்கள் நடத்திவருவது படிப்புவிலக்கு. முன்னதைக் காட்டிலும் பின்னது பூரண வெற்றி பெற்றிருப்பதைத் தங்கள் விரோதிகளும் ஒப்புக்கொள்வார்கள். ஏனெனில் இதில் திருட்டுத்தனமாகக் காய்ச்சுவாரும் இல்லை.

தலைநகரத்தில் ஓர் அலுவலகத்திற்குப் போயிருந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். தாங்கள் ஊகித்துக்கொள்ளவும் வேண்டாம். ஜன்னலோரத்தில் இருந்தவர் நல்ல மனிதர். “என்ன சார் வேணும்?” என்றார். “1937ஆம் வருஷத்துச் சட்டசபை நடவடிக்கைத் தொகுதிங்க” என்றேன்.

“எதுக்கு சார்?”

“படிக்கிறதுக்குங்க.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “பிஎச்.டி.யா?” “இல்லைங்க.” “கேஸ் ஏதாவது நடக்குதா?” “அதெல்லாம் இல்லைங்க.” “அப்புறம் எதுக்கு சார் படிக்கணும்?” என்று அவர் கேட்டதில் ஏளனமே இல்லை, உண்மையான கவலைதான் இருந்தது. பிறகு, துறைத்தலைவர் கடிதமும், அடையாள அட்டையின் நகலும், மேலதிகாரியின் ஒப்புதலும் கொண்டுவரச் சொல்லிவிட்டு, அவற்றைக் கொண்டுவந்தாலும் பிரயோஜனமில்லை, அந்த வால்யூம் பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்றும் கருணையோடு தெரிவித்தார். “எப்பங்க போச்சு?” என்றேன். “நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே போயிடுச்சு சார்.” “எப்பங்க வரும்?” என்று கேட்பதற்குள் அவர் சாப்பிடப் போய்விட்டார்.

காத்திருந்த நேரத்தில் அவர் மேஜைமேல் ஒரு பழைய தொகுதியைப் பார்த்தேன். முதுகில் ஒட்டியிருந்த காலிகோ துணி உரிந்து உள்ளே இருந்த நூல்தையல் தெரிந்தது. தாள் பழுத்து, விரல் பட்ட ஓரமெல்லாம் தூளாக உதிர்ந்தது. பாச்சை உருண்டை வாசனை மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. அட்டையின்மேல் தேநீர்க் கிளாஸ் வைத்த வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருந்தன. மின்விசிறிக் காற்றில் கோப்புகள் பறக்காமல் இருக்க அதைப் பாரமாக வைத்திருந்தார்கள். பழம்பதிவுகளால் நிர்வாகத்துக்கு உபயோகமில்லை என்று யாராவது சொன்னால் நான் சாட்சி சொல்ல வருவேன்.

கேள்வி விஷயத்தில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. விஜயராகவாச்சாரியார் சபைக்குப் போன காலத்தில் அமலில் இருந்த 1892ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கத்தினர் கேள்வி கேட்கலாம். வந்த பதிலைக் கேட்டுவிட்டு அதன்மேல் துணைக்கேள்வி கேட்கக் கூடாது. துணைக்கேள்விக்கு 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பழைய சட்டத்தை, வெறும் காகிதமாக அல்லாமல், உயிருள்ள நடைமுறையாகவே பாதுகாத்துவருகிற அலுவலகம் இந்தியாவில் வேறு எங்காவது உண்டா என்பது சந்தேகமே.

சபையின் வயதைப் பற்றியும் ஒரு சிறு சம்சயம். 1952இலிருந்து கணக்கிட்டு 2012இல் அதற்கு வைரவிழா நடந்தது; 1921இலிருந்து கணக்கிட்டு 2021இல் நூற்றாண்டு விழா நடந்தது. இரண்டுக்கும் ஜனாதிபதியே வந்தார். ஒன்பதே ஆண்டில் நாற்பது வயது கூடுகிற பாக்கியம் ஜோதிடர் ஜாதகத்தில்கூட நான் பார்த்ததில்லை. இரண்டு கணக்குக்கும் நியாயம் உண்டு என்று சட்டம் அறிந்தவர்கள் சொல்லக்கூடும். பிறந்த நாளை அந்தந்த அரசின் சௌகரியப்படி குறித்துக்கொள்ள வசதியாக இருப்பதற்குத் தங்களைப்போல் பதிவேட்டைப் பத்திரமாக மூடி வைத்திருப்பவர்களுக்கு எல்லாக் கட்சிகளும் நன்றிக்கடன் பட்டிருக்கின்றன.

எங்கள் நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை மேலவையில் உறுப்பினராக இருந்தவர். கோட்டைக்குள் பத்து மாடிக் கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நெஞ்சு நிமிர்கிறது. பெயரைப் பத்து மாடிக்கும் வைத்தவர்கள், அவர் மேலவையில் பேசிய பேச்சை எத்தனையாவது மாடியில் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னால், லிப்ட் வேலை செய்யாவிட்டாலும் படியேறி வந்துவிடுவேன். அந்த மேலவையோ 1986 நவம்பர் முதல் தேதியோடு முடிந்துபோனது. வாரிசில்லாமல் போன வீட்டின் பாத்திரம் பண்டங்களுக்கு நேர்வது அதன் ஏடுகளுக்கு நேராமல் இருக்க வேண்டும்.

பரிகாசத்தை ஒரு நிமிஷம் ஒதுக்கி வைக்கிறேன். 1950 பிப்ரவரி 11ஆம் தேதி சேலம் மத்திய சிறையில் துப்பாக்கிச்சூடு நடந்து, கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் இறந்தார்கள். குடியரசு பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அந்த மரணங்களைப் பற்றிச் சபை என்ன கேட்டது, அரசு என்ன பதில் சொன்னது, எவர் எழுந்தார், எவர் உட்கார்ந்திருந்தார் என்பதை அறிய அந்த ஜில்லாவின் பேரப்பிள்ளைகளுக்கு ஆராய்ச்சிப் பட்டம் வேண்டுமா? சில நிமிஷத்துக்கு ஒருவராக மாறி மாறி உட்கார்ந்து, இரைச்சலுக்கு நடுவே ஒரு சொல்லையும் தவறவிடாமல் எழுதிய சுருக்கெழுத்தர்கள், அதை அலமாரிக்காக எழுதவில்லை.

பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு காலத்தில் தன் பேச்சை வெளியார் அச்சிடுவதையே குற்றமாகக் கருதியது. 1771இல் அப்படி அச்சிட்டவர்களைப் பிடிக்க ஆள் அனுப்பி, குறுக்கே நின்ற லண்டன் மேயரையே கோபுரச் சிறையில் போட்டு, கடைசியில் ஊர்ச் சிரிப்புக்கு ஆளாகி அந்த முயற்சியைக் கைவிட்டது. இன்று 1803 முதலான அதன் விவாதங்களைப் படுக்கையில் இருந்தபடியே எவரும் படிக்கலாம். நம் மக்களவையின் விவாதங்களும் அவ்வாறே கிடைக்கின்றன. லண்டன்காரர்களுக்குச் சாமர்த்தியம் போதவில்லை என்றே சொல்வேன். பேச்சை அரசு அச்சகத்திலேயே அழகாக அச்சிட்டு, காலிகோ கட்டி, பொன்னெழுத்துப் பொறித்து, அப்புறம் காணாமல் வைத்துவிட்டால் எவரையும் சிறையில் போட வேண்டியதில்லை என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. பழைய தொகுதிகளில் சில, கணினியில் படமாக ஏற்றப்பட்டிருப்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் வெறும் படமாக ஏற்றிய பக்கத்தில் ஒரு சொல்லைத் தேட முடியாது. ‘சேலம்’ என்று தட்டினால் கணினி திருதிருவென விழிக்கும். பூட்டு இரும்பிலிருந்து கண்ணாடிக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே.

ஆதலால், செலவில்லாத உபாயம் ஒன்றைத் தங்கள் பரிசீலனைக்கு வைக்கிறேன். பேரவைத் தலைவர் எந்தச் சொல்லை அவைக்குறிப்பிலிருந்து நீக்கினாலும், அன்று மாலையே அது எங்கள் ஊர் டீக்கடை வரை வந்துவிடுகிறது. நீக்கப்படாமல் முறைப்படி பதிவான சொல்லோ நூறாண்டானாலும் கோட்டையைத் தாண்டுவதில்லை. எனவே 1921 முதல் இன்று வரையுள்ள நடவடிக்கைகள் அனைத்தையும் ஒரே ஆணையில் அவைக்குறிப்பிலிருந்து நீக்கிவிடுமாறு சிபாரிசு செய்ய வேண்டும். ஒரு வாரத்துக்குள் தமிழ்நாடு முழுவதும் மனப்பாடமாகிவிடும்.

அது ஆகாதென்றால், என் கோரிக்கை மிகச் சிறியது. 1937 முதல் 1939 வரையுள்ள தொகுதிகளில் ஒவ்வொரு படி சேலம் மாவட்ட மைய நூலகத்துக்கும் நாமக்கல் மாவட்ட மைய நூலகத்துக்கும் அனுப்பிவைக்க வேண்டும். மூலத்தைத் தர மனம் வராவிட்டால் நகல் போதும். மயில்துத்தம் கலந்த பசையில் பைண்டு செய்து கொள்கிற செலவு எங்களுடையது. போக்குவரத்தைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம். நாமக்கல் லாரிகள் காஷ்மீர் வரை போய்வருகின்றன. சென்னையில் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற வண்டி தினமும் உண்டு. கோட்டை வாசலில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு நிறுத்தச் சொல்லலாம் என்று ஒரு வரி எழுதினால் போதும். வாடகை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் அனுமதிக்குக் காத்திருக்கும்
திருச்செங்கோட்டு வாசகன்