இரண்டு வெள்ளைப் புள்ளி

ஊர்ப் பெயரைச் சொன்னதும் "எந்த பிரம்மதேசம்?" என்று கேட்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. அம்பாசமுத்திரம் பக்கம் ஒன்று இருக்கிறது, செய்யாறு பக்கம் ஒன்று இருக்கிறது. அது போதாதென்று எங்கள் விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற வழியில் ஒன்று. எங்களுடையது எண்ணாயிரத்துக்குப் பக்கத்தில், பிரம்மபுரீசுவரர், பாதாளீசுவரர் என்று சோழர் காலத்துக் கோயில் இரண்டை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிற ஊர். இந்தக் குழப்பத்தை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

1984-ல் எனக்கு 22 வயது. விழுப்புரத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஐந்து வருஷம் பிரிண்ட் கழுவி, உலர்த்தி, டச்சப் பண்ணி, ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் வந்தால் கேமராவும் பிடித்து, "இனி மெட்ராஸ்தான்" என்று முடிவு கட்டிய வயது. போர்ட்ஃபோலியோ என்ற சொல் அப்போது இங்கிலீஷ் பேப்பரில் மந்திரி இலாகா மாறும்போது மட்டும் வரும். எங்களுக்கு அது ஆல்பம். கோடம்பாக்கத்தில் சான்ஸ் கேட்டு அலைகிறவன் கக்கத்திலும் ஆல்பம்தான், கல்யாண வீட்டு அலமாரியிலும் ஆல்பம்தான். என்னுடையது மெரூன் ரெக்சின் அட்டை, கறுப்புத் தாள், பக்கத்துக்குப் பக்கம் சிலந்தி வலை போட்ட பட்டர் பேப்பர், படத்தின் நாலு மூலைக்கும் முக்கோணக் கார்னர். மொத்தம் 24 படம்.

என்னென்ன படம்? அரிசி மில் திறப்பு விழா. உரக்கடை காலண்டருக்காகப் பம்ப்செட் தொட்டியில் உட்கார வைத்த குழந்தை, அழுவதற்கு முந்தைய நொடி. ஜவுளிக்கடையில் புடவையை விரித்துப் பிடித்திருக்கும் சேல்ஸ் பையன். புடவை ஷார்ப்பாக இருக்கும், பையன் ஆடியிருப்பான். கடைக்காரருக்கு அதில் பரம திருப்தி.

இவற்றைவிட எனக்குப் பெருமை சினிமா ஸ்லைடுகள்தான். எங்கள் வட்டாரத்தின் விளம்பர உலகம் அன்றைக்கு மூன்றேகால் அங்குலச் சதுரக் கண்ணாடி இரண்டுக்கு நடுவே அடங்கிவிடும். டிரைவிங் ஸ்கூலோ, மூக்குக்கண்ணாடிக் கடையோ, எழுத்தை வரைந்து, படம் பிடித்து, ஃபிலிமில் கையால் கலர் தடவி, இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து, ஓரத்தில் கறுப்பு டேப் ஒட்டிக் கொண்டுபோய்த் தர வேண்டும். இடைவேளையில் முறுக்கு விற்கும் சத்தத்துக்கு நடுவில் அது திரையில் விழும். எத்தனை நொடி விழும் என்பது ஆபரேட்டர் கையில். சாயங்காலம் அவருக்கு ஒரு டீயும் பட்டர் பன்னும் வாங்கிக் கொடுத்தால் நம் கிளையன்ட் மூச்சு விடுகிற நேரம் கூடுதலாகத் திரையில் நிற்பார். கொடுக்கவில்லையென்றால் டிரைவிங் ஸ்கூல் தலைகீழாக வரும். இதற்கு இப்போது நெட்வொர்க்கிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வகுப்புகூட நடத்துகிறார்கள்.

ஆல்பத்தின் 24-வது படம் விளம்பரம் இல்லை. ஒரு பெரியவர், நாற்காலியில், கழுத்தில் மாலையோடு. அவர் அப்போது உயிரோடு இல்லை.

எங்கள் பக்கத்தில் அப்போது இது வழக்கம். ஒரு படம்கூட எடுக்காமல் போய்ச் சேர்ந்தவரைத் தூக்கி உட்கார வைத்து, துண்டால் முதுகோடு சேர்த்துக் கட்டி, அந்தக் கட்டு தெரியாமல் மாலை போட்டு எடுப்போம். ஸ்டுடியோ மாஸ்டர் ஊரில் இல்லாததால் நான் போனேன். மகன் தனியாகக் கூப்பிட்டு, "கண்ணு தொறந்த மாதிரி பண்ணிக் குடு தம்பி. அம்மா பாக்கணும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். வெறும் இமை மேல் கண்ணை எப்படி வரைவது? அவர் கண் எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்? மூன்றாம் நாள் அந்த மகனையே ஸ்டுடியோவுக்கு வரச்சொல்லி எதிரே ஸ்டூலில் உட்கார வைத்தேன். பிரிண்டில், ஊசி மாதிரி சீவிய எச்.பி. பென்சிலாலும் மூன்று மயிர் உள்ள பிரஷ்ஷாலும், அவர் கண்ணைப் பார்த்து அப்பாவுக்கு வரைந்தேன். ஊரிலிருந்து திரும்பிய மாஸ்டர் பின்னால் வந்து நின்று, ஒன்றும் சொல்லாமல் பார்த்தார். கடைசியில் வெள்ளைப் போஸ்டர் கலரில் புள்ளி வைக்கும்போதுதான் வாயைத் திறந்தார். "ஒரு கண்ணுக்கு ஒரு புள்ளி. ரெண்டும் ஒரே பக்கம். மாத்தி வச்சியோ, செத்தும் மாறுகண்ணா போயிடுவாரு."

பிரேம் போட்டுக் கொண்டுபோனேன். அந்த ஆயா படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மொகம் அவருதுதான். கண்ணு பெரிய பையனுது" என்றார்.

வியர்த்துவிட்டது எனக்கு. பணம் வராது என்றே நினைத்தேன். ஆயா படத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அந்த மாதிரி என் படத்தைப் பார்த்தவர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவரிடம் எனக்குக் கொடுக்க வேறு வேலை இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்தில் மீட்டர் கேஜ் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினேன். மெட்ராஸ் அப்போது விளம்பரத்தில் சின்ன ஊர் இல்லை. ஆர்.கே. சுவாமி 1973-ல் தன் கம்பெனியை இங்கேதான் தொடங்கியிருந்தார். வெளியூர் ஏஜென்சிகளுக்கும் இங்கே கிளைகள். நான் ஏறிய படி எந்தக் கம்பெனியுடையது என்று சொல்வதற்கில்லை. முதல் நேர்காணல் வாட்ச்மேனோடு. அவர் ஆல்பம் முழுக்கப் பார்த்து, பம்ப்செட் குழந்தைக்கு என்ன பேர் என்றுகூடக் கேட்டார். இரண்டரை மணி நேரம் கழித்து மாடியில் ஆர்ட் டைரக்டர். அவர் படத்தைப் பார்க்கும் முன்னே "யார் அனுப்பிச்சாங்க?" என்றார். யாருமில்லை என்றேன். அது தப்பான பதில் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆல்பத்தைப் பின்பக்கத்திலிருந்து திருப்பினார். செத்தவர்தான் முதலில் வந்தார். படக்கென்று மூடிவிட்டார்.

"ட்ரான்ஸ்பரன்சி இருக்கா? ஃபோர் பை ஃபைவ்?"

"120 நெகட்டிவ் சார். யாஷிகா."

"அது இல்லாம இந்த மாடிக்கு வராதீங்க."

மூன்று நிமிஷம். நியாயமாகச் சொன்னால் என் வாழ்நாளில் கிடைத்த உருப்படியான ஆலோசனைகளில் அதுவும் ஒன்று. கலர் ட்ரான்ஸ்பரன்சி, அதாவது பாசிட்டிவ் ஃபிலிம், வெளிநாட்டுச் சரக்கு, விலை ஆளை அடிக்கும். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967-லிருந்து நமக்காக 'இந்து' என்று ஃபிலிம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது, ஆனால் அந்த மாடியில் அது செல்லாத நோட்டு. ஆறு வருஷம் மெட்ராஸில் ஒரு போட்டோகிராபரிடம் லைட் தூக்கினேன். வேலை கிடைத்ததெல்லாம் ஆல்பத்தால் இல்லை, கலர் லேப் கவுன்ட்டரால். ரோலைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் எவனுக்கு எந்தக் கம்பெனி வேலை வந்திருக்கிறது, எவன் பணம் நிற்கிறது, எவனுக்குக் காய்ச்சல், நாளைக்கு ஆள் வேண்டும் என்று எல்லாம் அங்கேதான் தெரியும். பிறகு ஊர் திரும்பி, கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் என்று காலம் ஓடிவிட்டது.

இப்போது என் தம்பி மகன் ஆட் ஃபிலிம் டைரக்டர். அதாவது இரண்டு ஃபிலிம் எடுத்திருக்கிறான், ஒன்றுக்குப் பணம் வந்திருக்கிறது. போன வருஷம் சென்னையில் ஒரு போர்ட்ஃபோலியோ ரிவ்யூவுக்கு அவனுக்கும் எனக்குமாகச் சேர்த்துப் பணம் கட்டிவிட்டான். "பெரியப்பா, உங்க பழைய ஆல்பத்தை எடுத்துக்குங்க. இப்ப அதுக்குப் பேரு ஆர்க்கைவ்." அவன் கட்டிய காசில் அன்றைக்கு யாஷிகாவும் வாங்கி ஒரு வருஷத்துக்கு ஃபிலிமும் வாங்கியிருக்கலாம். வாட்ச்மேன் ஓசியில் பார்த்தார் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

இப்படிப் பணம் கட்டிப் படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்கிற ரிவ்யூ முறை எங்கிருந்து வந்தது என்று ரயிலில் அவனே வகுப்பெடுத்தான். பிரான்ஸில் ஆர்ல் என்ற ஊரில் 1970-லிருந்து புகைப்பட விழா நடக்கிறது. பல ஊர்களிலிருந்து வரும் போட்டோகிராபர்கள் படத்தைத் தூக்கிக்கொண்டு பத்திரிகைக்காரர்களையும் மியூசியத்துக்காரர்களையும் பார்ப்பார்கள். 1986-ல் அமெரிக்காவில் ஹூஸ்டன் ஃபோட்டோஃபெஸ்டில் அதற்கு மேசை நாற்காலி போட்டு, நேரம் பிரித்து, முறையாக்கினார்கள். சென்னையில் போட்டோ பியனாலே வந்தது 2016-ல். அதற்கு முன்பே, 2001-ல், விளம்பரப் போட்டோகிராபர் இக்பால் முகமது ஊட்டியில் லைட் அண்ட் லைஃப் அகாடமி தொடங்கி இந்தத் தொழிலுக்கென்று பள்ளிக்கூடமே வைத்துவிட்டார். ஃபிலிம் செய்த ஊரில் ஃபிலிம் நின்றது, பாடம் ஓடுகிறது.

இதெல்லாம் வேண்டாம் என்று நேராக ஜனங்களிடம் போனவரும் உண்டு. சென்னையின் ஷரத் ஹக்ஸர் விளம்பரத் தொழிலில் பேர் போன போட்டோகிராபர். தன் படத்தை நுங்கம்பாக்கத்தில் ஹோர்டிங்காகவே வைத்துவந்தார். கோகோ கோலா விளம்பரத்துக்கு முன்னால் அடிபம்பும் காலிக் குடங்களும் வரிசையாக நிற்கிற படத்தை 2005-ல் வைத்தபோது கம்பெனியிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. படத்தைக் கூர்ந்து பார்த்துக் கருத்துச் சொன்னார்கள் என்ற வகையில் அதையும் ரிவ்யூ என்றுதான் சொல்ல வேண்டும்.

ரிவ்யூவுக்கு முன்னால் ஒரு சடங்கு: பயோ எழுத வேண்டும். 150 வார்த்தை, நம்மைப் பற்றி நாமே, "இவர்" என்று. எனக்கு எண்ணாயிரத்துக் கல்வெட்டு ஞாபகம் வந்தது. அங்கே 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள், அவர்களுக்குத் தினப்படி இவ்வளவு நெல் என்று ராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிவைத்திருக்கிறார்கள். அந்தச் சோழர்கள் கோயிலுக்கு ஒரு விளக்குக் கொடுத்தாலும் முதலில் மெய்க்கீர்த்தி வரும். எந்த நாட்டை வென்றார், எங்கே கப்பல் அனுப்பினார் என்று நாலு முழம் ஓடிய பிறகுதான் விளக்குக்கு எத்தனை ஆடு என்ற விஷயத்துக்கு வருவார்கள். கல்தச்சனுக்குக் கூலி எழுத்துக் கணக்கோ என்னவோ. என் மெய்க்கீர்த்தியில் வென்ற நாடு விழுப்புரம், விக்கிரவாண்டி, கண்டாச்சிபுரம். தம்பி மகன் படித்துவிட்டு, "கடாரம் மாதிரி ஒண்ணு சேருங்க பெரியப்பா" என்றான். பாண்டிச்சேரியைச் சேர்த்தேன்.

ஹாலில் வரிசையாக மேசைகள். ஆளுக்கு 20 நிமிஷம், பிறகு மணி. முதல் மேசையில் ஒரு இளைஞர், ஆல்பத்தைத் தொடாமல் இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் என்றார். "யார் அனுப்பிச்சாங்க" என்ற கேள்விதான், இப்போது ஆள் பேருக்குப் பதில் எண்ணிக்கை. இரண்டாவது மேசையில் "உங்க வாய்ஸ் என்ன?" என்றார்கள். ஸ்டில் படத்துக்கு ஏது வாய்ஸ் என்று கேட்க வந்தவன், தம்பி மகன் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டேன். மூன்றாவது மேசையில் மும்பை ஏஜென்சி ஒன்றின் தயாரிப்பாளர் அம்மா. அவரும் ஆல்பத்தைப் பின்னாலிருந்து திருப்பினார். இந்த வழக்கம் மட்டும் மாறவில்லை. பெரியவர் முகத்தில் கை நின்றது. குனிந்து கண்ணைப் பார்த்தார்.

"இது ஏஐ-தானே?"

"பென்சில்மா. எச்.பி."

கதையைச் சொல்வதற்குள் பாதி நேரம் போய்விட்டது. ஃபோனில் அதைப் படம் எடுத்துக்கொண்டார். பக்கத்தில் ஒட்டியிருந்த பாதாளீசுவரர் கோயில் படத்தைப் பார்த்து, எந்த ஊர் என்றார். பிரம்மதேசம் என்றேன். தம்பி மகனின் ஷோரீல் ஓடத் தொடங்கியதும் மணி அடித்துவிட்டது. அதன் பிறகு காபியோடு நெட்வொர்க்கிங். எல்லோரும் எல்லோருடைய ஃபோனையும் ஸ்கேன் பண்ணினார்கள். என்னிடம் "தென்னாற்காடு மாவட்டம்" என்று அச்சடித்த விசிட்டிங் கார்டு மிச்சமிருந்தது. மாவட்டம் 1993-லேயே பிரிந்துவிட்டது. ஒருவர் அதை ரெட்ரோ டிசைன் என்று பாராட்டி வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாவின் ஆட்கள் வேட்டி விளம்பரத்துக்கு லொகேஷன் பார்க்கப் புறப்பட்டார்கள். பழைய கோயில், கல் மண்டபம், வெள்ளை வேட்டி. தம்பி மகன், எப்படி எடுப்பான் என்று 40 பக்கத்துக்கு ட்ரீட்மென்ட் எழுதி, டெக்காக அனுப்பியிருந்தான். அட்டையில் என் பாதாளீசுவரர். நான் கோயில் வாசலில் இளநீர் வெட்டி வைத்துக் காத்திருந்தேன். பதினோரு மணிக்கு ஃபோன் வந்தது.

"சார், பிரம்மதேசம் வந்துட்டோம். அந்தக் கோயில எங்கயும் காணோம். விசாரிச்சுக்கிட்டே வந்து இப்ப உப்பளத்துல நிக்கிறோம்."

மேப் அவர்களை மரக்காணம் ரோட்டு பிரம்மதேசத்துக்குக் கொண்டுபோயிருந்தது. திரும்பி வரச்சொல்லி வழி சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் அங்கே வேறு பேச்சு. உப்புக் குவியல் வெள்ளை, வேட்டி வெள்ளை, பின்னால் நீலம், இதை விட்டுவிட்டுக் கோயில் எதற்கு? அன்றிரவே தம்பி மகன் டெக்கில் கோயில் வருகிற இடமெல்லாம் உப்பு என்று மாற்றினான். அட்டைப் படத்தை மாற்ற மறந்துவிட்டான். வேலை அவனுக்கே கிடைத்தது.

ஷூட்டிங்குக்கு என்னையும் கூப்பிட்டுப் போனான், லோக்கல் ஆள் என்ற கணக்கில். எனக்கு அந்த ஊரில் ஒரு நாயைக்கூடத் தெரியாது. மானிட்டருக்குப் பின்னால் குடை பிடித்து உட்கார வைத்தார்கள். மாடல் பையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தான். குளோசப். வெயில் மேலேயிருந்து ஒரு புள்ளி, உப்பு கீழேயிருந்து ஒரு புள்ளி.

"தம்பி, ஒரு கண்ணுல ரெண்டு புள்ளி விழுது. கீழ கறுப்புத் துணி விரிக்கச் சொல்லு" என்றேன்.

கேமராமேன் திரும்பாமலே, "விடுங்க சார், போஸ்ட்ல எடுத்துடலாம்" என்றார்.