சட்டையைப் போட்டுக் கழிச்சுட்டுத் திருப்பிக் கொடு பேராண்டி!

வாலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. நேத்து உன் கூட்டாளி கல்யாணத்துல கழுத்துக்குப் பின்னால கையை விட்டுச் சொறிஞ்சுக்கிட்டே நின்னியே, அப்பவே எனக்கு விளங்கிப் போச்சு. செல்லுல வரவழைச்ச புதுச் சட்டையில விலை அட்டையை அறுக்காம உள்ள மடிச்சு விட்டிருக்கே. நாளைக்குத் திருப்பி அனுப்பணும்லா? நல்ல புத்தி. உங்கப்பனுக்கு இதுல பாதி இருந்திருந்தா நாலு மரக்கா விதைப்பாடு வாங்கியிருப்பான்.

ஆனா இந்த வித்தையில நீ இன்னும் கத்துக்குட்டி. கெழவன் சொல்லுதேன், கேட்டுக்கோ. பந்தியில சாம்பாரைக் கண்டா ஒதுங்கிரு; கறை பட்டா கம்பெனிக்காரன் எடுக்க மாட்டான். சந்தனத்தைக் கையில வாங்கிக்கோ, நெஞ்சுல தடவ விடாதே. ஃபேனுக்குக் கீழயே நில்லு. மாப்பிள்ளை கூட போட்டோ எடுத்ததும் கழட்டி, காத்தாட உதறிக் கொடியில போடு. ஏன் திருப்புதேன்னு செல்லுல கேப்பான். ‘அளவு சேரலை’ன்னு தட்டி விடு. அளவெடுத்துத் தச்ச மாதிரி இருந்துச்சேன்னு எவன் வந்து சாட்சி சொல்லப் போறான்? எடுக்க வாற பையன், வெயில்ல முதுகு மூட்டையோட நின்னு, செல்லுல இருக்கிற படத்தையும் சட்டையையும் மாத்தி மாத்திப் பாப்பான். ‘அண்ணே, காலர்ல அழுக்கு இருக்கே’ன்னு இழுத்தான்னு வையி, ‘மேல புகார் போட்டுருவேன்’னு ஒரு சத்தம் கொடு. பாவம், பேசாம வாங்கிட்டுப் போயிருவான்.

உனக்கு முன்னாடியே பெரிய கெட்டிக்காரனுக இருந்திருக்கானுக. அமெரிக்காவுல மெயின் மாநிலத்துல ஃப்ரீபோர்ட்னு ஓர் ஊரு. அங்க எல்.எல். பீன் அப்படின்னு ஒரு மனுஷன் 1912-ல, அடியில ரப்பரும் மேல தோலும் வச்சுத் தச்ச வேட்டை பூட்ஸை வித்தாரு. மொத 100 ஜோடியில 90 ஜோடி தையல் விட்டுத் திரும்பி வந்துட்டுன்னு அவரு கம்பெனியே சொல்லுது. மனுஷன் முகஞ் சுளிக்கலை. அத்தனை பேருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்துட்டு, கடன் வாங்கிக் கோளாறைச் சரி பண்ணி, மறுபடியும் வித்தாரு. அந்தக் கடையில வாங்கினதை எப்ப வேணும்னாலும் திருப்பலாம்னு ஊரெல்லாம் பேராச்சு.

அப்புறம் உன் வர்க்கத்தாளுக வந்தானுக. வீட்டு வாசல்ல பழசைப் போட்டு விக்கிறவன்கிட்டப் பொறுக்கினதை எல்லாம் கொண்டாந்து, ‘தேஞ்சு போச்சு, பணத்தைக் கொடு’ன்னு நின்னானுக. குப்பையில போட்டாத்தான் ஆச்சுன்னு சொல்லுற அளவுக்கு வந்த சாமான்லயே அஞ்சு வருஷத்துல 25 கோடி டாலர் போச்சுன்னு கம்பெனி கணக்குச் சொல்லுச்சு. 2018 பிப்ரவரியில, ‘ஒரு வருஷம்தான் கெடு, வாங்கினதுக்கு அத்தாட்சியும் வேணும்’னு கதவைச் சாத்திட்டாக. மலையேறுற சாமான் விக்கிற ஆர்.இ.ஐ. கடை 2013-லயே கெடு போட்டுட்டு. பத்துப் பேரு பண்ணின கூத்துக்கு, ஊரே வரிசையில நின்னு அத்தாட்சி காட்டுது.

நீ திருப்பின சட்டை சும்மாவா போகுது? வண்டிக்குக் கூலி, பிரிச்சுப் பாக்க ஒரு ஆளு, தேச்சு மடிக்க ஒரு ஆளு, விக்காமப் போனா பாதி விலை. முதலாளி இதைத் தன் மடியில இருந்தா அவுப்பான்? அடுத்த சட்டை விலையில ஏத்துவான். அதை வாங்கப் போறது உன் தம்பி.

எல்லாத்தையும் விட ஒண்ணை நினைச்சாத்தான்லே எனக்குச் சிரிப்பு. டவுன் கடையில வாங்கின மிக்ஸி ஜார் ஒழுகுதுன்னு உங்கம்மா கொடுத்து விட்டா. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ன்னு மாட்டியிருந்த பலகையை வாசிச்சுட்டு, வாயைப் பொத்திக்கிட்டுத் திரும்பி வந்தே. ஜாரு பரண்ல கெடக்கு. நம்பிக் கொடுக்கிறவன்கிட்ட அந்தப் பாய்ச்சல் பாயுதே, மறுக்கிறவன்கிட்ட ஏன்லே பம்முதே?

பழுதான சாமானுக்கு அந்தப் பலகை செல்லாது. 2019-ல வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, பில்லுல போட்ட கெடுவுக்குள்ள, கெடு எதுவும் போடலைன்னா 30 நாளைக்குள்ள, பழுதான சாமானைத் திரும்ப வாங்கிப் பணத்தைக் கொடுக்க மறுக்கிறதே முறைகேடான வியாபாரம்னு எழுதியிருக்கு. முறைச்சான்னா 1915-க்கு போனைப் போடு. தேசிய நுகர்வோர் உதவி எண் அது.

வாதாடணும்னா அங்க போய் வாதாடு. கெடு இன்னும் முடியலை. எந்திரி, பில்லைத் தேடி எடு. கெழவனும் துணைக்கு வாரேன்.