அணிலுக்குக் கிடைத்த இடம்

ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வந்தது. செண்பகத்தோப்புப் பக்கம் மரத்துக்கு மரம் தாவுகிற சாம்பல் நிற அணிலுக்கு 1988-லேயே சரணாலயம் கிடைத்துவிட்டது. பரப்பு ஏறக்குறைய 485 சதுர கிலோமீட்டர். 2021-ல் அதோடு மேகமலையையும் சேர்த்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் புலிக்கு எழுதி வைத்தார்கள். நாய், பால், அணில், புலி என்று எல்லாருக்கும் பங்கு பிரித்து முடிந்த பிறகு, மூன்று வயதுப் பிள்ளை ஒன்று வரிசையின் கடைசியில் நிற்கிறது. அது கேட்பது ஒரு சறுக்கு, இரண்டு ஊஞ்சல், உட்கார்ந்து தோண்டக் கொஞ்சம் மணல். அதற்குத்தான் நிதி இல்லை, இடம் இல்லை, பராமரிக்க ஆள் இல்லை.

அணில் மேல் எனக்குப் பொறாமை கிடையாது. அது நன்றாக இருக்கட்டும். ஆனால் ஒரு பழைய சமாதானத்தை அது கெடுத்துவிட்டது. ‘பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை, அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை’ என்று நம்மை நாமே தேற்றிக்கொள்வோம். அணிலுக்கும் ஓட்டு இல்லை, அண்ணாச்சி. அது மனுநீதி நாளில் வரிசையில் நின்றதும் இல்லை, கவுன்சிலர் வீட்டு வாசலில் காத்துக் கிடந்ததும் இல்லை. அணில் குடியிருந்த காட்டில் பிளாட் போட முடியவில்லை. பிள்ளை விளையாட வேண்டிய இடத்தில் போட முடிந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் இவ்வளவுதான்.

சிறு பிள்ளைகள் உள்ள குடும்பம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கே போகும்? ராஜபாளையத்துக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏதாவது இருக்கும் என்று பஸ் ஏறுகிறார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ராஜபாளையம் பெரிய ஊராயிற்றே என்று எதிர் பஸ்ஸில் ஏறுகிறார். மடவார்வளாகத்தருகே இரண்டு பஸ்ஸும் ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன. இரண்டு ஜன்னலிலும் ஒரே ஏமாற்றம் கொஞ்ச நேரத்தில் கிடைக்கப்போகிற இரண்டு பிள்ளைகள் கையசைத்துக்கொள்கின்றன. மழை பெய்தால் அய்யனார் கோயில் ஆற்றுக்குப் போகலாம். தண்ணீர் அதிகமானால் வனத்துறை தடுத்துவிடும், அது நியாயம்தான். பிளவக்கல் அணைக்குப் போக வண்டி வேண்டும், பாதி நாள் வேண்டும். ஆண்டாள் கோயில் பிராகாரத்தில் ஓடவிடலாம், பெரியவர்கள் முறைக்கிற வரைக்கும். ஆடிப்பூரம் வந்தால் ராட்டினம் வரும், அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று டிக்கெட் வைப்பார்கள். மற்ற நாளில் நெடுஞ்சாலையோரத்து ஹோட்டல்தான் கதி. நாலு பரோட்டா, ஒரு சால்னா வாங்கினால் பின்பக்கத்துப் பிளாஸ்டிக் சறுக்கில் பிள்ளை ஏறிக்கொள்ளலாம். பொதுச் சொத்தாக இருக்க வேண்டிய சறுக்கு பரோட்டாவுக்கு இலவச இணைப்பாகிவிட்டது.

நம் பக்கத்துச் சிறுவர் பூங்கா ஒன்றின் ஜாதகத்தை யாராவது கணித்திருக்கிறீர்களா? எந்த ஊர்ப் பூங்கா என்று கேட்காதீர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே ராசிதான். முதலில் பிறப்பது கல்வெட்டு. அமைச்சர் பெயர் முழங்கை நீளத்துக்கு இருக்கும், சட்டமன்ற உறுப்பினர் பெயர் சாண் அளவு, தலைவர் பெயர் விரல் அளவு. எந்த வயதுப் பிள்ளைக்காகக் கட்டியது என்பதற்கு மட்டும் கல்லில் இடம் போதாது. திறப்பு விழாவன்று பக்கத்துப் பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வந்து ஊஞ்சலில் உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள். அந்த ஊஞ்சலுக்கு வாழ்நாளிலேயே அதுதான் நல்ல நாள். பிறகு ஒரு சங்கிலி அறும், அடுத்த சங்கிலியை யாரோ வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். சறுக்கின் அடிப்பக்கம் தகரம் கிழிந்து பல்லைக் காட்டும். கிழியாத தகரமும் சித்திரை வெயிலில் தோசைக்கல்லாகக் கொதிக்கும். மேலே ஒரு நிழற்கூரை போட வேண்டும் என்று எஸ்டிமேட் எழுதியவருக்குத் தோன்றவில்லை, அவர் எழுதியது மின்விசிறிக்குக் கீழே. சீமைக்கருவேலம் சுவரோரமாக உள்ளே வரும். கடைசியில் பூட்டு வரும். திறந்திருக்கும் நேரம் என்று ஒரு பலகை இருக்கும். அந்த நேரத்தில் பூட்டிருக்கும்.

பூட்டாத பூங்காவும் உண்டு. அங்கே நடுவில் எட்டு வடிவ நடைபாதை, ஓரமாக இரும்பு உடற்பயிற்சிக் கருவிகள். ஐம்பது வயதுச் சர்க்கரைக்கு இவ்வளவு ஏற்பாடு. ஐந்து வயதுக் காலுக்கு சிமென்ட் மான் ஒன்று, காது உடைந்தது. ‘புல்லில் நடக்காதீர்’, ‘பந்து விளையாடத் தடை’ என்று இரண்டு பலகை. நடக்கவும் கூடாது, விளையாடவும் கூடாது என்றால் அது பூங்கா இல்லை, போலீஸ் ஸ்டேஷன். கைப்பிள்ளையோடு வந்த தாய்க்குக் கழிப்பறை எங்கே, குடிதண்ணீர் எங்கே, பாலூட்ட ஒதுங்க எங்கே என்று கேட்டுவிடாதீர்கள். அந்தத் தலைப்பே எஸ்டிமேட்டில் கிடையாது.

ஒன்றில் மட்டும் நாம் கொடுத்து வைத்தவர்கள். பக்கத்துச் சத்திரப்பட்டி தறிகளில் நெய்கிற மருத்துவத் துணி ஊரெல்லாம் போகிறது. பிள்ளை முட்டியைக் கிழித்துக்கொண்டு வந்தால் கட்டுத்துணிக்கு வெளியூர் போக வேண்டியதில்லை.

இப்போது நிதி இல்லை என்ற கதைக்கு வருவோம். மத்திய அரசு 2015-ல் அம்ருத் திட்டத்தைத் தொடங்கியபோது, பூங்காவுக்கும் பசுமை வெளிக்கும் இரண்டரை சதவீதம் வரை செலவிடலாம், அதிலும் குழந்தைகளுக்கேற்ற வசதிகள் இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதலிலேயே எழுதினார்கள். அந்தத் திட்டத்தின் நகரங்கள் பட்டியலில் ராஜபாளையமும் உண்டு. நூறு ரூபாயில் இரண்டரை ரூபாய்தான் பிள்ளைக்கு என்பதே அவமானம். அந்த இரண்டரையும் எட்டு வடிவ நடைபாதைக்குப் போனால் அதற்குப் பெயர் என்ன?

இடம் இல்லை என்ற கதை இதைவிடப் பெரிய பொய். தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் 2019 தெளிவாகச் சொல்கின்றன: பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் லேஅவுட் போடுகிறவர், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைப் பூங்கா, விளையாட்டிடம் என்று ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். இந்தத் திறந்தவெளி ஒதுக்கீட்டைத்தான் ஓஎஸ்ஆர் இடம் என்பார்கள்; தரகர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். இரண்டு ஊருக்கும் நடுவே நெடுஞ்சாலையின் இருபுறமும் வயல் போய், புளியமரம் போய், கொடி கட்டிய பிளாட்டுகள்தான் நிற்கின்றன. ஒவ்வொரு விளம்பர நோட்டீஸிலும் ‘சிறுவர் பூங்கா வசதி’ என்று சறுக்கில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரிக்கும். நம் பிள்ளைக்குப் பூங்கா கிடைக்கிறதோ இல்லையோ, அந்தக் குழந்தைக்கு நிச்சயம் கிடைத்திருக்கிறது.

தானமாக வந்த அந்தப் பத்து சதவீதம் பிறகு என்னவாகிறது? ஒரு மேல்நிலைத் தொட்டி முளைக்கும். அது தேவை, யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அடுத்து ஒரு ரேஷன் கடை, அதுவும் தேவை. குப்பையைப் பிரிக்க ஒரு கொட்டகை. ஒரு ராத்திரியில் ஒரு சாமி. சாமியை எதிர்த்து மனுப் போட எந்தத் தகப்பனுக்குத் தைரியம் உண்டு? மீதி இடத்தில் ஜேசிபி நிற்கும். பூங்காவுக்கென்று வைத்த இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக் கொடுத்த பெங்களூர்க் கதையில், 1991-லேயே உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டைச் செல்லாதென்று அடித்தது. மருத்துவமனையைக்கூட ஏற்காத நீதிமன்றம் ஜேசிபியை ஏற்குமா? யாரும் கேட்கப் போவதில்லை என்ற நம்பிக்கையில்தான் அது நிற்கிறது.

இதே ராஜபாளையத்துக்காரர்தான் பூ.ச. குமாரசாமி ராஜா. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். தன் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு எழுதிக் கொடுத்தார். வீட்டைக் கொடுக்கச் சொல்லி இன்றைக்கு யாரையும் நான் கேட்கவில்லை. ஊருக்கு வந்த இடத்தை ஊருக்கே விட்டுவைக்கச் சொல்கிறேன். அதற்கே கைநடுக்கம்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, மேடை கிடைத்தால் ஆண்டாள் பிறந்த மண் என்று தொடங்காத வாய் இல்லை. சரி, அந்த மண்ணில் என்ன நடந்தது? பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கி, தாலாட்டி, கை கொட்ட வைத்து, தளர்நடை நடக்க வைத்துப் பாடினார். பிள்ளைத்தமிழுக்கே அவர்தான் முன்னோடி என்பார்கள். அவர் மகள் ஆண்டாள், நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பத்தை முழுக்கச் சிறுமிகளின் மணல் வீட்டுக்கே கொடுத்துவிட்டாள். தெருவில் மணலைச் சலித்து, முதுகு வலிக்க வலிக்கக் கட்டிய சிற்றிலைக் கலைக்காதே என்று பாட்டுக்குப் பாட்டு கெஞ்சுகிறார்கள். அன்றைக்குக் கலைக்க வந்தவன் கண்ணன். கலைப்பதற்காவது அங்கே ஒரு வீடு இருந்தது. இன்றைக்கு நம் ரத வீதியில் எந்தச் சிறுமி உட்கார்ந்து மணல் சலிப்பாள்? பைக் ஏறிவிடும். மணலும் கிடையாது, அது லாரியில் போய்விட்டது. மார்கழியில் ஒலிபெருக்கி வைத்து மகளைக் கொண்டாடுகிறோம், அவள் விளையாடிய விளையாட்டுக்கு மட்டும் நாலு சென்ட் ஒதுக்க மனமில்லை.

காசுள்ள நாட்டுக்காரர்கள் செய்வார்கள், நம்மால் முடியுமா என்று ஒரு குரல் எப்போதும் வரும். 1947-ல் ஆம்ஸ்டர்டாம் நகரம், போரில் அடிபட்டு, பட்டினி கிடந்து எழுந்த ஊர். ஆல்டோ வான் எய்க் என்ற இளம் கட்டடக் கலைஞர் அங்கே தெருமுனையில், இடிந்த வீட்டு மனையில், கிடைத்த சந்தில் எல்லாம் ஒரு மணல் தொட்டி, சில இரும்பு வளைவுகள், தாவ நாலு கல் என்று வைக்கத் தொடங்கினார். சனங்கள் எங்கள் தெருவுக்கும் வேண்டும் என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள். முப்பது வருடத்தில் எழுநூறுக்கு மேல் வந்துவிட்டன. கான்கிரீட் மான் எதுவும் அவர் வைக்கவில்லை. கம்பி வளைக்கத் தெரிந்த பட்டறைகள் ராஜபாளையத்தில் இல்லையா? 1936-லேயே நூற்பாலை நிறுத்திக் காட்டிய ஊருக்கு ஊஞ்சல் நிறுத்தத் தெரியாதா?

தமிழ்நாட்டில் பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959-லேயே ஒரு சட்டம் போட்டாயிற்று. உள்ளாட்சி தன் எல்லைக்குள் இருக்கிற இந்த இடங்களை எல்லாம் பட்டியல் போட வேண்டும் என்பது அதில் ஒரு வேலை. ஆகவே பெற்றோரே, அடுத்த ஞாயிறு எந்த ஊருக்குப் பஸ் ஏறலாம் என்று யோசிக்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனுப் போடுங்கள். வார்டு வாரியாகப் பூங்காவுக்கென்று தானமாக வந்த இடங்கள் எத்தனை, ஒவ்வொன்றின் சர்வே எண் என்ன, இப்போது அங்கே நிற்பது என்ன என்று கேளுங்கள். பட்டியல் வந்தால் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் போய்ப் பாருங்கள். ஜேசிபி நின்றால் படம் எடுத்துப் புகார் கொடுங்கள். பட்டியலே இல்லை என்று பதில் வந்தால் அதையும் சட்டம் போட்டு எடுத்துவையுங்கள். தேர்தலுக்குக் கைகூப்பிக்கொண்டு வாசலுக்கு வருகிறவர், உங்கள் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளுவதற்கு முன்னால் அதைப் படிக்கட்டும்.